நான் பார்க்காத ஏரி

பார்க்காத ஊரைப் பற்றிக் கதை எழுதுவதில் எழுத்தாளனுக்குப் பல சௌகரியங்கள் உண்டு. ரயில் செலவு கிடையாது. கொசுக்கடி கிடையாது. ஊரும் நாம் சொன்னபடி கேட்கும். ஆறு வேண்டுமென்றால் ஓடும், வேண்டாமென்றால் வற்றிவிடும். எட்டு வருஷங்களுக்கு முன்பு, மாம்பலத்தில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தபடியே, கொல்லிமலையின் மேல் நான் ஓர் ஏரி வெட்டினேன். கரையிலிருந்து பார்த்தால் மறுகரை தெரியாத ஏரி. நீலத் தண்ணீர், தாமரை, நிலா எல்லாவற்றையும் அதில் வைத்தேன். பிறகு தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தில் அந்த ஏரியில் ஒரு பெண்ணையும் மூழ்கடித்தேன்.

கதை சாதாரணக் கதைதான். பட்டணத்திலிருந்து சாலை அளக்க ஓர் இளைஞன் மலைக்கு வருகிறான். ஏரிக்கரைக் கிராமத்துப் பெண் ஒருத்தி அவனுக்குத் தேனும் தினைமாவும் கொடுக்கிறாள், மனசையும் கொடுக்கிறாள். "தை பிறந்ததும் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அவன் போகிறான். தை பிறக்கிறது, அவன் வரவில்லை. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். அந்தக் கடைசி அத்தியாயம் வெளியான வாரம் எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கண்ணீரில் நனைந்தவை. கதை புத்தகமாகவும் வந்தது; விற்கவும் விற்றது.

அந்தக் கடிதக் குவியலில் ஒரு போஸ்ட் கார்டும் இருந்தது. முத்து முத்தான கையெழுத்து. பெயர் இல்லை. "ஒரு வாசகி, கொல்லிமலை" என்று மட்டும் இருந்தது. விஷயம் நாலே வரி.

"ஐயா, உங்கள் தொடர்கதையை ஒரு வாரம் விடாமல் படித்தேன். நன்றாக இருந்தது. எங்கள் ஏரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் பெண்கள் இப்படிச் சாவதில்லை."

திட்டி எழுதியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு மறந்திருப்பேன். 'நன்றாக இருந்தது' என்று நடுவில் ஒரு வரி போட்டிருந்தாளே, அதுதான் உறுத்திற்று. பதில் எழுத விலாசம் இல்லை என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். விலாசம் இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன் என்பது எனக்கே தெரியும். கார்டைப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டேன்.

இந்த வருஷம் பதிப்பாளர் டெலிபோன் செய்தார். புதுப் பதிப்பு போடுகிறாராம்; திருத்தம் ஏதாவது இருந்தால் பதினைந்து நாளில் கொடுத்துவிட வேண்டுமாம். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். கார்டு கீழே விழுந்தது. அன்று இரவே சேலம் போகும் ரயிலுக்கு டிக்கெட் வாங்கினேன்.

என் மகன் காலேஜ் சிநேகிதர்களோடு மலையேறப் போவதற்காக வாங்கிய முதுகுப் பை ஒன்று வீட்டில் இருந்தது. அதில் பதினேழு ஜிப்பும் இருபது வாரும் இருக்கும். இரண்டு வேட்டி, ஒரு கம்பளி, புத்தகம், கார்டு இவற்றைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டேன். "எவரெஸ்டுக்கா போகிறீர்கள்?" என்றாள் என் மனைவி. இவ்வளவு காலமும் தோளில் ஜோல்னாப் பை தொங்கவிட்ட ஆசாமி திடீரென்று முதுகில் மூட்டை கட்டிக்கொண்டால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

சேலத்தில் இறங்கி நாமக்கல்லுக்கு ஒரு பஸ். நாமக்கல் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று. கொல்லிமலையும் அதனோடு போயிற்று. அங்கே பதினெட்டு அடி ஆஞ்சநேயர், தலைக்கு மேல் கூரை இல்லாமல், வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கிறார். அவரைத் தரிசித்துவிட்டுக் கொல்லிமலை பஸ்ஸில் ஏறினேன். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி வரையில் சமவெளிதான். வழியெல்லாம் எதிரே மலை ஒரு மதில் போல நின்றுகொண்டிருந்தது. மதிலில் பஸ் எப்படி ஏறும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் ஏறத் தொடங்கிவிட்டது.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். அப்படி எண்ணிக் காட்டுவது பிரயாணிகளுக்குத் தைரியம் சொல்லவா, பயமுறுத்தவா என்பது எனக்கு விளங்கவில்லை. என் கதாநாயகன் இந்த மலையை ஒரு பாராவில் ஏறி முடித்திருந்தான். ஒன்பதாவது வளைவிலேயே நான் ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயசுக்குக் குறையாது. மடியில் ஒரு துணி மூட்டை. காலடியில் ஒரு தூக்கு. வளைவுகளுக்கெல்லாம் அசையாமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாவது வளைவில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"மோந்து பாருங்க தம்பி, சரியாப் போயிரும். எந்தூரு?"

"மெட்ராஸ்."

"அறப்பளீசுவரரைக் கும்பிடவா?"

"இல்லைம்மா. ஏரியைப் பார்க்க. வாசலூர்ப்பட்டி ஏரி."

அம்மாள் என்னைச் சற்றுக் கவலையோடு பார்த்தாள். "அம்மாந் தொலவுலேருந்து ஏரி பாக்கவா? உங்க ஊர்ல சமுத்திரமே இருக்குதாமே?"

இதற்கு என்ன பதில் சொல்வது? எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்தேன்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் அவளுடைய பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். பெண் குழந்தை. வீட்டில் ஆடு மாட்டைப் பார்த்துவிட்டு நாளைக்கு மறுபடியும் போக வேண்டுமாம். மரியாதைக்கு, "மாப்பிள்ளை என்ன செய்கிறார்?" என்று கேட்டேன்.

"எந்த மாப்பிள்ளை? மொதல்ல கட்டினவனா, இப்ப இருக்கிறவரா?"

நான் விழித்தேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"மொதல்ல கட்டினவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். ஆடிப் பதினெட்டுக்கு வர்றேன்னான், வரல்லே. தீவாளிக்கு வர்றேன்னான், வரல்லே. அங்கேயே வேற ஒருத்தியோட இருக்கான்னு சேதி வந்திச்சு."

முப்பதாவது வளைவோ முப்பத்தொன்றோ, ஞாபகம் இல்லை. நான் மாம்பலத்து மாடியில் உட்கார்ந்து எழுதிய கதையை அந்த அம்மாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்? உங்கள் பெண் என்ன செய்தாள்?"

"என்ன செய்வா? நாலு நாள் அழுதா. அது சாமை அறுப்பு நாளு. அஞ்சாம் நாள் அருவாளை எடுத்துக்கிட்டு அறுக்கப் போயிட்டா. அப்புறம் ஊர்ப் பெரியவங்களைக் கூட்டி வச்சுப் பேசி அறுத்துவிட்டோம். மறு வருசம் அரியூர் நாட்டிலேருந்து கேட்டு வந்தாங்க. கட்டிக் குடுத்தோம். தங்கமான புள்ளை."

"ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையா?"

"சொல்ல என்ன இருக்குது தம்பி? போனவன் போனான். இருக்கிறவ இருக்கணுமில்லே?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி ஒன்றையும் கேட்டேன். இந்த மாதிரி சமாசாரத்தில் உயிரை விட்ட பெண்கள் யாரும் மலையில் இல்லையா என்று. அம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு மூன்று வளைவுகள் கழிந்தன.

"எங்கேதான் இல்லே? ஒண்ணு ரெண்டு உண்டு. எங்க தெருவுலேயே ஒரு புள்ளை. பூச்சி மருந்தைக் குடிச்சிட்டா. பஸ்ஸிலே கொண்டு போறதுக்குள்ளாற வழியிலேயே..." என்று சொல்லி நிறுத்தினாள். "அதெல்லாம் கதை பேசற விசயமில்லீங்க தம்பி."

அதன் பிறகு சோளக்காடு வரையில் நாங்கள் பேசவில்லை. முதுகுப் பைக்குள் இருந்த கார்டில், 'இப்படிச் சாவதில்லை' என்ற வரியில், 'இப்படி' என்ற சொல்லை நான் இத்தனை வருஷமும் கவனிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சாவே கிடையாது என்று அந்த வாசகி எழுதவில்லை. இப்படி இல்லை என்றுதான் எழுதியிருந்தாள். தாமரையும் நிலாவும் வைத்து, பார்க்கிறவர்கள் ரசிக்கும்படியாக யாரும் சாவதில்லை.

சோளக்காட்டில் அம்மாள் இறங்கினாள். இறங்கும்போது மூட்டையைப் பிரித்து நாலு மலைவாழைப் பழங்களை என் கையில் திணித்தாள். பணம் கொடுக்க நினைத்துக் கை பைக்குள் போயிற்று. நல்ல வேளையாகத் திரும்பி வந்துவிட்டது.

மேலே ஏறிவிட்டால் மலை என்கிற நினைப்பே போய்விடுகிறது. கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே மேடும் பள்ளமுமாக ஒரு தனி தேசம் விரிந்து கிடக்கிறது. 'நாடு' என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, திண்ணனூர் நாடு என்று இப்படிப் பதினான்கு நாடுகள். அவற்றில் வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவரின் வழி வந்தவர்கள் என்று தங்கள் பூர்வ கதையைச் சொல்லிக்கொள்கிறார்கள். என் நாவலில் இதையெல்லாம் நான் எழுதவில்லை, எனக்குத் தெரியாது. 'மலைஜாதிப் பெண்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன்.

செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வல்வில் ஓரி குதிரைமேல் சிலையாக இருக்கிறான். கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடிய வில்லாளி. அவனையே பிறகு மலையமான் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டில் ஓரிக்கு இங்கே விழா எடுக்கிறார்கள். திருப்பூருக்குப் போனவன் திரும்பி வருவதாகச் சொன்ன அந்த ஆடிப் பதினெட்டுதான்.

சிலை மேடையருகே பையை இறக்கிவிட்டு, வாழைப்பழம் ஒன்றை உரித்தபடி யோசித்தேன். நான் இந்த மலையை எதற்காகத் தேர்ந்தெடுத்தேன்? பள்ளிக்கூடத்தில் படித்த கொல்லிப் பாவைக்காகத்தான். கபிலரும் பரணரும் பாடிய பாவை அவள். தெய்வத் தச்சன் செய்து வைத்த பெண் பதுமை. காற்றானாலும் மழையானாலும் அழகு குலையாதவள். வருகிறவனைப் பார்த்துச் சிரித்து, சிரிப்பாலேயே கொன்றுவிடுகிறவள் என்று பிற்காலத்தில் கதை வளர்ந்தது. எட்டுக்கை அம்மனாக இன்றைக்கும் மலையில் கோயில் கொண்டிருப்பவள் அவள்தான் என்கிறார்கள். தெய்வத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் கீழே இருந்துகொண்டு இந்த மலையைப் பற்றி எழுதுகிற எங்களைப் போன்றவர்களுக்கு, மலைப்பெண் ஒன்று கொல்கிறவளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாகிறவளாக இருக்க வேண்டும். நாலு நாள் அழுதுவிட்டு ஐந்தாம் நாள் சாமை அறுக்கப் போகிறவள் எங்கள் கண்ணில் படுவதே இல்லை.

பகல் சாப்பாட்டுக்கு ஒரு சிறு ஹோட்டலில் நுழைந்தேன். "தினை ஏதாவது உண்டா?" என்று கேட்டதற்குக் கடைக்காரர், "முன்கூட்டிச் சொன்னாத்தானுங்க செய்வோம்" என்று, இலையில் பொன்னி அரிசிச் சோற்றைப் போட்டார். 2023-ஆம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடிற்று. சென்னையில் சாமையையும் தினையையும் அழகான பொட்டலத்தில் கட்டிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். இங்கேயோ சாமைக் கொல்லையாக இருந்த நிலத்தில் பெரும்பாலும் மரவள்ளி நிற்கிறது. மரவள்ளிக் கிழங்கு லாரியில் இறங்கி, நாமக்கல், சேலம் பக்கத்து மில்களில் ஜவ்வரிசியாகிவிடுகிறது. கிழங்கு கைக்குப் பணத்தைக் கொண்டு வருகிறது. அந்தப் பணத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதைக் குற்றம் சொல்ல நான் யார்? என் கதாநாயகி அவனுக்குக் கொடுத்த தினைமாவு எந்தக் கொல்லையில் விளைந்தது என்பதுதான் என் கவலை.

சாப்பிட்டுவிட்டு வாசலூர்ப்பட்டிக்குப் போனேன்.

ஏரி என்றால் குளம் சிரிக்கும். குளம் என்றால் ஏரி கோபித்துக்கொள்ளும். அந்த அளவுதான். மறுகரை தெரிகிறது என்பது மட்டுமல்ல. மறுகரையில் நிற்கிறவர் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாரா இல்லையா என்பது கூடத் தெரிகிறது. சுற்றிலும் மேடு, மேட்டில் மரங்கள், தண்ணீரில் அவற்றின் நிழல். கரையில் படகு வீடு. காலால் மிதித்து ஓட்டுகிற படகுகள் அணைந்து நின்றன. அழகான இடம். ஆனால் நான் வைத்த அழகு அங்கே இல்லை.

இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் படகில் ஏறாமல் போகலாமா? ஏறினேன். இரண்டு பேர் சேர்ந்து மிதிக்க வேண்டிய படகு அது. பக்கத்து ஆசனத்தில் என் முதுகுப் பை உட்கார்ந்திருந்தது. அது எப்படி மிதிக்கும்? நான் மிதிக்க மிதிக்கப் படகு நேரே போகாமல் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கரையிலிருந்த பள்ளிக்கூடத்துப் பெண்கள் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பொத்தாமலேயே சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி, "சார், வலது பக்கம் திருப்புங்க சார், வலது பக்கம்!" என்று கத்தினாள். திருப்பினேன். கரை வந்து சேர்ந்தது.

நான் ஒருத்தியை மூழ்கடித்த ஏரியில் என்னைக் கரையேற்றியவள் ஒரு பத்தாம் வகுப்புப் பெண். அவளிடம் கார்டைக் காட்டி, இந்தக் கையெழுத்து யாருடையது என்று தெரியுமா என்று கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றிற்று. கேட்கவில்லை. பெயர் போடாமல் எழுதியவளைத் தேடிப் பிடிப்பது நாகரிகம் அல்ல.

இரவு செம்மேட்டில் தங்கினேன். கம்பளிக்குள்ளும் குளிர் நுழைந்தது. புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் படித்துப் பார்த்தேன். வர்ணனை நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தப்பு. பூச்சி மருந்து குடித்த பெண்ணைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நிறுத்தினாள். நான் பதினோரு பக்கம் நிறுத்தாமல் எழுதியிருந்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் அதே எழுபது வளைவுகளையும் இறங்கினேன். அறப்பளீசுவரர் கோயிலையும், அதன் கீழே ஐயாறு அருவியாக விழும் ஆகாய கங்கையையும் பார்க்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும் என்று சொன்னார்கள். இந்தத் தடவை எனக்கு வேலை ஏரியோடுதான். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பாயசம் கொடுத்தாள். ஜவ்வரிசிப் பாயசம். கிழங்கு எந்த மலையிலிருந்து இறங்கியிருக்கும் என்று நான் அவளிடம் பிரசங்கம் செய்யவில்லை. இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

ஒரு வாரத்தில் கடைசி அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். அவன் தைக்கு வருவதாகச் சொன்னதைத் தீபாவளிக்கு என்று மாற்றினேன். சாமை அறுப்பு அப்போதுதானே? அவள் நாலு நாள் அழுகிறாள். ஐந்தாம் நாள் அருவாளை எடுத்துக்கொண்டு போகிறாள். அவ்வளவுதான். பதினோரு பக்கம் மூன்று பக்கமாகிவிட்டது.

பதிப்பாளர் படித்துவிட்டு டெலிபோனில் வருத்தப்பட்டார். "ஸார், ஜனங்கள் அந்த முடிவுக்காகத்தானே வாங்கினார்கள்? இதில் அழுவதற்கு ஒன்றுமே இல்லையே!"

"நாலு நாள் அழுகிறாளே, போதாதா?" என்றேன்.

புத்தகம் அடுத்த மாதம் வருகிறது. விற்குமோ விற்காதோ, தெரியாது. அந்தக் கார்டை எழுதிய அம்மணி இதைப் படிக்க நேர்ந்தால், எட்டு வருஷம் தாமதமான என் பதிலாக இதை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். ஏரியைப் பார்த்துவிட்டேன். புதுப் பதிப்பில் அதைச் சிறியதாக்கியிருக்கிறேன். மறுகரை இப்போது நன்றாகத் தெரியும்.